கை மரத்தாலும் வலி ஏன் போகல? நரம்பு பத்தி மலைக்காரங்க கேட்டதும் என் பதிலும்

நான் குன்னூர், காலேஜ்ல பிசியாலஜி எடுக்கறேன். உணர்ச்சி நரம்பு பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கெல்லாம் கீழ பதில் போட்டிருக்கேன்.

கேள்வி (கேத்தி): அக்கா, பனி விழுற மாசத்துல விடிகாலைல கேரட் கழுவுற வேலை. கொஞ்ச நேரத்துல விரல் மரத்துப் போயிடுது, சட்டை பட்டன்கூட போட முடியல. ஆனா வலி மட்டும் விண்ணு விண்ணுன்னு இருக்கு. மரத்துட்டா வலியும் போகணும்ல?

பதில்: போகாது தம்பி, ஏன்னா ரெண்டும் வேற வேற நார்ல போகுது. பட்டன் விளிம்பு விரல்ல தட்டுப்படுறது ஏ-பீட்டாங்கிற தடிச்ச நார் வழியா, அதைச் சுத்தி மயலின்னு கொழுப்பு உறை இருக்கும். வலி போறது மெல்லிசான ஏ-டெல்டாவுலயும், உறையே இல்லாத சி நார்லயும். குளிர் ஏறினா எல்லா நாரும் மெதுவாகும், ஆனா உறை இருக்கறதுதான் முதல்ல நின்னு போகும், சி நார் அதைவிட அதிக குளிர்லயும் ஓடிக்கிட்டே இருக்கும். விரல் தசையும் குளிர்ல மந்தமாயிடும், அதான் பட்டன் போட வரல. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோங்க, மரத்த கையை நேரா நெருப்புச் சட்டி மேல காட்டாதீங்க, சுடுறது லேட்டாதான் தெரியும்.

கேள்வி (கோத்தகிரி, நர்சிங் படிக்கிறேன்): மேடம், ஏ, சி-ன்னு பிரிச்சது எதை வச்சு?

பதில்: தடிமனையும் வேகத்தையும் வச்சும்மா. எர்லாங்கர், கேஸர்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்களும் ஒரே நரம்புக்குள்ள வேற வேற வேகத்துல ஓடுற நார் இருக்குன்னு காட்டினாங்க, 1944 நோபல் அதுக்குத்தான். தசைல இருந்து வர்ற ஏ-ஆல்பா 12ல இருந்து 20 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன், வினாடிக்கு 70ல இருந்து 120 மீட்டர் ஓடும். ஏ-பீட்டா 6-12 மைக்ரான், ஏறக்குறைய 35-75 மீட்டர். ஏ-டெல்டா 1-5 மைக்ரான், 5-30 மீட்டர். சி நார் ஒன்றரை மைக்ரானுக்குள்ள, வேகம் அரைல இருந்து 2 மீட்டர்தான். மயலின் உறை நீளத்துக்கும் ஒட்டி இருக்காது, நடுநடுவுல ரன்வியர் கணுன்னு இடைவெளி இருக்கும், சிக்னல் கணுவுக்கு கணு தாவிப் போறதால அவ்ளோ ஸ்பீடு. சி நார்ல தாவ வழியில்ல, நாரைத் தாங்குற ஷ்வான் செல் ஒண்ணே பல சி நாரைச் சேத்துப் பிடிச்சிருக்கும். இந்த எல்லா நாரோட செல் உடம்பும் இருக்கறது தண்டுவடத்துக்குப் பக்கத்துல உள்ள முடிச்சுல, கால் பெருவிரல் வரைக்கும் வர்ற நாரும் அங்க இருந்துதான் நீண்டு வருது, நினைச்சுப் பாத்தா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

கேள்வி (கூடலூர்): கல்லுல கால் இடிச்சா முதல்ல சுளீர்னு ஒண்ணு, அப்புறம் காந்தலா ஒண்ணு, ரெண்டு தடவை வலிக்குதே?

பதில்: ஆமா, ரெண்டு வலிதான். கால்ல இருந்து தண்டுவடத்துக்கு 1 மீட்டர் தூரம்னு வச்சுக்கோங்க, வினாடிக்கு 20 மீட்டர் போற ஏ-டெல்டா 0.05 வினாடில போய்ச் சேந்துடும், 1 மீட்டர் போற சி நாருக்கு ஒரு முழு வினாடி ஆகும். சுளீர்னது முதல்ல போனது, காந்தல் பின்னாடி வந்தது.

கேள்வி (குன்னூர்): அம்மாவுக்கு சுகர். ராத்திரி பாதம் தீயா எரியுதுங்கறாங்க. நரம்பு டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்துடுச்சு. வீட்ல எல்லாரும் அம்மா சும்மா சொல்றாங்கங்கறாங்க.

பதில்: தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. கரண்ட் வச்சு எடுக்கற அந்த டெஸ்ட் தடிச்ச, வேகமான நாரை மட்டும்தான் அளக்கும், எரிச்சலைக் கொண்டு போற மெல்லிசான நார் அதுல மாட்டவே மாட்டாது. சுகர்ல பல பேருக்கு முதல்ல கெடுறது அந்த மெல்லிசு நார்தான், அதனால ரிப்போர்ட் நார்மலா இருக்கும், எரிச்சலும் நிஜமா இருக்கும். கணுக்காலுக்கு மேல 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து நார் எண்ணிக்கை பாக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, நரம்பு டாக்டர்கிட்ட கேளுங்க. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை ரொம்ப நாளா சாப்பிடுறாங்கன்னா பி12 வைட்டமினும் பாக்கச் சொல்லுங்க, அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கலாம். எரிச்சல் நின்னு போச்சுன்னா உடனே சந்தோஷப்படாதீங்க, நார் செத்துப் போனாலும் எரிச்சல் நிக்கும். குளிருக்கு அம்மா கால்ல ஹாட் வாட்டர் பேக் வேண்டாம், கம்பளி சாக்ஸ் போதும், தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க.

கேள்வி (கொடைக்கானல்): அப்பா பகல்ல நல்லா நடக்கறாரு, கரண்ட் போனா தள்ளாடுறாரு. கண்ணுதான் பிரச்சனையா?

பதில்: கண்ணா இருக்கலாம், ஆனா கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற தடிச்ச நார் கெட்டாலும் இதேதான் நடக்கும், பகல்ல கண்ணு அதை ஈடுகட்டிடும். பெருவிரல் எலும்புல 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் (தட்டினா அதிர்ற கவை) வச்சுப் பாத்தா டாக்டருக்கு ஓரளவு தெரிஞ்சுடும். தள்ளிப் போடாதீங்க, பி12 குறைவுன்னா சீக்கிரம் பிடிச்சா சரிபண்ண வாய்ப்பு அதிகம்.

கேள்வி (ஊட்டி): யூகலிப்டஸ் தைலம் தேச்சா சில்லுன்னு இருக்கே, நிஜமாவே குளிருதா?

பதில்: பெரும்பாலும் நிஜக் குளிர் இல்லங்க. குளிரை உணர்ற நார் நுனில டிஆர்பிஎம்8-ன்னு ஒரு கதவு இருக்கு, தைலத்துல உள்ள சினியோல்ங்கிற பொருள் அதைத் திறந்துடும், புதினா உப்பும் அப்படித்தான். மிளகாய் திறக்கறது டிஆர்பிவி1, அது சுமார் 43 டிகிரி சூட்டுலயும் திறக்கும், அதான் மிளகாய் பட்டா எரியுது. இந்தக் கதவுகளைக் கண்டுபிடிச்ச வேலைக்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் கிடைச்சது, தொடு உணர்ச்சிக் கதவைக் கண்டுபிடிச்ச பாடபூட்டியனோட சேத்து. புண்ணு மேல மட்டும் தைலம் தடவாதீங்க.