செப்சிஸுக்கு வாயு சிகிச்சை: வீடியோவை நம்பி ஆஸ்பத்திரி மாற்றலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்த் தொற்று முற்றி செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) ஆகிவிட்டது. ஐசியூவில் இன்று நான்காவது நாள். பிபி இறங்காமல் இருக்க நார்-அட்ரினலின் என்ற மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் போன்ற வாயுக்களால் இதைக் குணப்படுத்துகிறார்கள் என்று கொழுந்தனார் ஒரு வீடியோ காட்டுகிறார். அந்த வசதி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா? வீட்டுக்கு வந்த பிறகு ஹைட்ரஜன் மெஷின் வாங்கி வைக்கலாமா?

பதில்: வாயுவுக்காக மாற்ற வேண்டாம். மெஷினும் வேண்டாம்.

உங்கள் கொழுந்தனார் காட்டும் வீடியோ முழுப் பொய்யாக இருக்காது, சிக்கலே அதுதான். நம் உடல் தானே சில வாயுக்களைத் தயாரிக்கிறது: நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆமாம், மூடிய காருக்குள் ஆளைக் கொல்கிற அதே கார்பன் மோனாக்சைடுதான். செப்டிக் டேங்கில் இறங்கியவரைச் சாய்க்கிற அழுகிய முட்டை நாற்ற வாயுதான் மூன்றாவது. துளியூண்டு அளவில் இவற்றைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்துகின்றன.

நன்றாகத் தெரிந்தது நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக்குழாய்ச் சுவரின் தசையிடம் ‘தளர்ந்துகொள்’ என்று சொல்வது அது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற விஞ்ஞானிகள் மூவருக்கும் 1998-இல் நோபல் கிடைத்தது இதற்குத்தான். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரையும் இந்த வாயு வழியாகத்தான் வேலை செய்கிறது. செப்சிஸில் என்ன ஆகிறதென்றால், இதைத் தயாரிக்கும் நொதி ஒன்று மூட மறந்த குழாய் மாதிரி கொட்டத் தொடங்கிவிடுகிறது. உடம்பெங்கும் குழாய்கள் தளர்ந்து பிபி விழுகிறது. நார்-அட்ரினலின் ஏற்றியும் சிலருக்குப் பிபி சரியாக ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். அதாவது உங்கள் மாமியாரின் உடம்பில் இந்த வாயு ஏற்கெனவே அதிகம்.

அப்படியானால் அடைத்துவிட்டால் போதுமே? அப்படித்தான் நினைத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியையே தடுக்கும் மருந்தை செப்டிக் ஷாக், அதாவது செப்சிஸால் பிபி விழுந்த 797 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2004-இல் வெளியானது. பிபி நன்றாகவே ஏறியது. ஆனால் மருந்து பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 59 சதவீதம், பெறாதவர்களில் 49. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கிருமியைக் கொல்லவும், நுண்ணிய குழாய்களில் ரத்தம் ஓடவும் இதே வாயு வேண்டும். மருந்துக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. இதயத்துக்கும் சுமை கூடியது. மானிட்டரில் எண் அழகாக இருப்பது வேறு, ஆள் பிழைப்பது வேறு என்று எங்களுக்குப் புரியவைத்த ஆய்வு இது.

மூச்சு வழியாகக் கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு தனிக் கதை. அது நுரையீரலோடு நின்றுவிடும், ரத்தத்தில் சேர்ந்ததும் ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடும். நுரையீரல் அழுத்தம் கூடிய பச்சைக் குழந்தைகளுக்கு அருமையான மருந்து. நுரையீரல் செயலிழந்த பெரியவர்களுக்கு ஆக்சிஜன் அளவு கொஞ்ச நேரம் ஏறுகிறது, மரணம் குறைவதில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

மற்றவை இன்னும் ஆரம்பக் கட்டம். கார்பன் மோனாக்சைடை 2018-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், செப்சிஸால் நுரையீரல் கெட்டவர்களுக்குப் பத்து லட்சத்தில் 200 பங்கு வரை, அளந்து அளந்து கொடுத்தார்கள். மொத்தம் 12 பேர். பார்த்தது தாங்குகிறார்களா என்பதைத்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடில் சில ஆய்வகங்கள் அதைத் தடுத்தால் எலி பிழைக்கிறது என்கின்றன, சில கொடுத்தால் பிழைக்கிறது என்கின்றன. ஹைட்ரஜனும் செப்சிஸ் எலிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஜப்பானில் மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனை இதயம் நின்று மீண்டவர்களுக்கானது. கோவிட் காலத்தில் 73 பேரோடு அது நின்றுபோனது. ஆய்வக எலி இளவயது, சர்க்கரை இல்லை, நோய் வந்த கையோடு மருந்து கிடைக்கிறது. உங்கள் மாமியாருக்கு நான்கு நாள் ஆகிவிட்டது.

இந்த அறிவியலிலிருந்து ஐசியூவுக்குள் உண்மையிலேயே வந்திருப்பது ஒரு வாயுவல்ல, ஒரு நீலச் சாயம். மெத்திலீன் புளூ, 1876-இல் உருவானது. நைட்ரிக் ஆக்சைடின் சேதி போய்ச் சேருமிடத்தில் அதைத் தடுக்கிறது. மெக்சிகோவில் 91 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், பிபியை ஏற்றும் மருந்தைச் சுமார் ஒரு நாள் முன்னதாகவே நிறுத்த முடிந்தது. உயிர் காப்பதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மற்றவை பலிக்காதபோது சில டாக்டர்கள் இதைத் தொடுவார்கள். ஒருவேளை கொடுத்தால், சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜனைத் தவறாகக் குறைத்துக் காட்டும், பயப்பட வேண்டாம். ஆனால் மாமியார் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் என்றாலோ, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் கோளாறு) குடும்பத்தில் உண்டு என்றாலோ டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டும் ஆபத்தாகலாம்.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது வீடியோவை விட்டுவிட்டு வேறு சில கேள்விகள் கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று என்றால் எனக்கு முதலில் தோன்றுவது, உள்ளே அடைப்போ சீழோ இருக்கிறதா என்பதுதான். ஸ்கேன் எடுத்தாயிற்றா? கல் அடைத்திருந்தால், சீழ் கட்டியிருந்தால், அதை வெளியேற்றாமல் எந்த மருந்தும் எடுபடாது. அப்புறம், எந்தக் கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா, அதற்கேற்ப ஆன்டிபயாட்டிக் மாறியதா? நேற்றைவிட நார்-அட்ரினலின் அளவு குறைந்திருக்கிறதா, ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகள் திணறும்போது கூடும் அமிலம்) இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது? நார்-அட்ரினலின் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பிபியைத் தாங்கிப்பிடிக்க உதவும் வாசோபிரசின், ஹைட்ரோகார்டிசோன் மருந்துகளைச் சேர்த்தார்களா?

இருக்கும் இடத்தில் சிறுநீரக அடைப்பை எடுக்க ஆளில்லை, டயாலிசிஸ் இல்லை என்றால் அது மாற்றுவதற்கு நியாயமான காரணம். அப்போதும் நார்-அட்ரினலின் ஓடும் நோயாளியைச் சிரிஞ்ச் பம்ப், மானிட்டர், கூட ஒரு டாக்டர் உள்ள ஆம்புலன்ஸில்தான் ஏற்ற வேண்டும்.

மெஷினுக்கு வருவோம். காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு ஹைட்ரஜன். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐசியூவிலிருந்து வருபவர்களுக்குக் கை கால் பலம் திரும்ப மாதங்கள் ஆகும். முதல் சில மாதங்களில் மறுபடி தொற்று வருவதும் சகஜம். குளிரோடு காய்ச்சலோ, திடீர்க் குழப்பமான பேச்சோ, சிறுநீர் குறைவோ தெரிந்தால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.