சரிவில் மழைநீர் எங்கே தங்குகிறது?

கேள்வி: எங்கள் நிலம் சரிவானது. மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் பெய்கிறது. ஆனாலும் மேட்டுப் பகுதியில் செடிகள் நான்கே நாளில் வாடிவிடுகின்றன. அடிவாரத்தில் பத்து நாளாகியும் மண் சதசதவென்று இருக்கிறது. நீர் கீழே ஓடிவிடுவது மட்டும்தான் காரணமா?

பதில்: இல்லை. தரைமேல் ஓடும் நீர் கண்ணில் படுவதால் அதையே முழுக் காரணமாக எண்ணிவிடுகிறோம்.

உச்சி சமதளமாக இருந்தால், அங்கு விழும் நீர் பெரும்பாலும் நேராக மண்ணுக்குள் இறங்கும். நிலம் வளைந்து இறங்கத் தொடங்கும் விளிம்பில்தான் சிக்கல் அதிகம்: அங்கே வேகமெடுக்கும் நீர், உள்ளே இறங்க அவகாசமின்றி, மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்ததால் மண்ணின் ஆழமே குறைந்துவிடுகிறது. தன் கன அளவில் 15 சதவீதம் நீரை வேர்களுக்காகத் தேக்கக்கூடிய மண்ணில் 10 சென்டிமீட்டர் அரிபட்டால், சதுர மீட்டருக்கு 15 லிட்டர் நீர் தங்கும் இடம் பறிபோகிறது. அதன்பின் எத்தனை பெருமழை பெய்தாலும் அந்த 15 லிட்டரை அங்கே நிறுத்திவைக்க இடமில்லை.

இனி, மண்ணுக்குள் நடப்பது. இறங்கும் நீருக்குக் குறுக்கே இறுகிய களிமண் அடுக்கோ பாறையோ வந்தால், அந்த நீர் அதன்மேல் சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் நகரும். மழை விட்ட பிறகும் நாட்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். அடிவாரத்தில் சாய்வு குறைவதால் அந்த நகர்வு தளர்ந்து நீர் சேர்கிறது. மேலிருந்து அரிபட்டு வந்த நுண்மண்ணும் மட்கிய இலைதழையும் அங்கேயே படிந்திருப்பதால், தேக்கும் திறனும் கூடுதல். உச்சி முதல் அடிவாரம் வரை மண் இப்படி ஒன்றையொன்று சார்ந்து மாறுவதைக் கண்ட மண்ணியலாளர் ஜெஃப்ரி மில்ன், 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த வரிசைக்குச் சங்கிலி என்று பொருள்படும் ‘கேட்டினா’ என்ற லத்தீன் பெயரை வைத்தார்.

மழை விட்ட மூன்றாம் நாள் மேட்டில் ஒன்றும் அடிவாரத்தில் ஒன்றுமாகக் குழி வெட்டிப் பாருங்கள். அடிவாரக் குழியில், மேட்டுப் பக்கச் சுவரில் நீர் முத்துமுத்தாகக் கசியக்கூடும். அங்கிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடையுங்கள்: சாம்பல் நிறத்தின் நடுவே துருநிறப் புள்ளிகள் தெரிந்தால், அந்த ஆழத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் நீர் நின்று காற்றோட்டம் அற்றுப்போகிறது என்று அறியலாம். ஈரம் மிகுந்த இடமே செழிப்பான இடம் என்று நம்புவது தவறு. அங்கே வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. அந்தப் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்று அளந்துகொண்ட பிறகே, அங்கே ஆழமாக வேர்விடும் மரங்களை நடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.