எனக்கு 23 வயது, பவர் மைனஸ் 6. கல்யாணத்துக்கு முன்னால் லேசிக் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், உங்கள் கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளி புகும் படலம், இடம் கொடுத்தால். லேசிக் என்பது அந்தப் படலத்தை லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்வதுதான். "கண்ணாடி இல்லேன்னா நல்ல இடமா அமையும்" என்று வீட்டில் ஆரம்பித்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் போன இடத்தில் பேச்செல்லாம் தள்ளுபடியைப் பற்றித்தான். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேனா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிவிடும். சாஃப்ட் லென்ஸாக இருந்தாலும் ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்பாதான், "இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றோம்" என்று எழுந்துவிட்டார்.

அந்த டாக்டர் லென்ஸை நிறுத்தச் சொல்லி, பிறகு பென்டாகேம் என்ற கார்னியா ஸ்கேன் எடுத்தார். தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டால், நீல வெளிச்சம் ஒரு சுற்று சுற்றும், அவ்வளவுதான். படத்தில் இடது கண்ணின் கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு திட்டு; அந்த இடத்தில் வளைவு அதிகம் என்று அர்த்தம். உடனே, "கண்ணை ரொம்பக் கசக்குவியாம்மா?" என்றார். அலர்ஜியால் சின்ன வயதிலிருந்தே கசக்குவேன். கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயின் ஆரம்பம் மாதிரி இருக்கிறது, லேசர் கூடவே கூடாது என்றார். மெலிந்த கார்னியாவை மேலும் செதுக்கினால் அது புடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாமல் போகலாமாம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கார்னியாவின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). லேசருக்கு முன் மூடி மாதிரி வெட்டித் திறக்கும் மேல் அடுக்குக்கு, அதாவது ஃபிளாப்புக்கு, 110 போகும். ஒரு பவருக்கு 15 என்று வைத்தால் மைனஸ் 6-க்கு 90. மிஞ்சுவது 340. அடியில் 250-க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். தடிமன் போதும் என்றாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். ஒரு வருஷமாகப் பவர் மாறாமலும் இருக்க வேண்டும்.

லேசிக்கே கூடாது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் சித்தி பையன் செய்துகொண்டு நன்றாக இருக்கிறான். லேசிக்கில் பயன்படும் எக்ஸைமர் லேசர் திசுவைச் சுடாமல் செதுக்கும் என்று 1981-இல் ஐபிஎம்மில் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரங்கசாமி ஸ்ரீனிவாசன், மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் படித்தவர். அதில் எனக்குப் பெருமைதான்.

என் ஆத்திரமெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் மேல். மாப்பிள்ளை கண்ணாடி போட்டால் படித்த களை, பெண் போட்டால் குறையா? போட்டோவுக்குக் கழற்றச் சொன்ன புரோக்கரிடம் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள். இன்னொருத்தர், பிள்ளைக்கும் வருமா என்று கேட்டார். லேசர் செய்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மாறாது. லேசர் கார்னியாவை மட்டும்தான் மாற்றும்; மைனஸ் பவருக்குக் காரணமான கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும், அந்த நீளத்தால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கலாம். அதனால் லேசர் செய்துகொண்டாலும் வருஷா வருஷம் விழித்திரையைக் காட்டிக்கொள்ளுங்கள்.