கடியும் பணியாரமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தேவகோட்டைக்காரன், இப்போது வேலை கோயம்புத்தூரில். பள்ளியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாக இருக்கிறோம். தினமும் காலையில் இரண்டு மூன்று கடி ஜோக் போடுவது என் வழக்கம். 'ஆத்தங்குடிக்காரங்க ஏன் வாட்டர் பாட்டில் வாங்குறதில்ல? அவங்கதான் ஆத்தக் குடிக்கிறாங்களே' – இது நானே யோசித்தது, மற்றதெல்லாம் எங்கிருந்தோ வருவது. போன வாரம் ஒருவன் 'நாப்பத்தி நாலு வயசாச்சு, இன்னும் வளரலையாடா' என்று போட்டுவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். அவன் அப்பா அன்று ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. என் மனைவியும் 'சிலேடைன்னா இலக்கியம், நீங்க போடுறது வெறும் மொக்கை' என்கிறாள். நிறுத்திவிடட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அவனுக்குப் போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், போன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள், ஜோக் பேச்சையே எடுக்காதீர்கள், மன்னிப்புக்கூட அடுத்த தடவை பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். மீதியை அப்புறம் படியுங்கள்.

பேசியாச்சா? சரி. உங்கள் வீட்டில் சொன்னது பாதி நியாயம். ஏரகத்துச் செட்டியாரைக் கூப்பிட்டு மளிகைச் சாமான் பேசுகிற பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு, கேட்டிருப்பீர்கள். வெங்காயம் சுக்காகிப் போனால் வெந்தயத்தால் என்ன பயன், சீரகத்தைத் தந்தால் பெருங்காயம் தேட மாட்டேன் என்று போகும். செட்டியார் என்பது சுவாமிமலை முருகன். காயம் என்றால் உடம்பு. வெம்மையான இந்த உடம்பு வற்றிப்போன பிறகு வெந்த அயம், அதாவது இரும்பைச் சுட்டுச் செய்த மருந்து, எதற்கு? சீர் அகமாகிய வீடுபேற்றைக் கொடுத்துவிடு, இன்னொரு பெரிய காயம் கேட்க மாட்டேன். நாலு வரி முழுக்கக் கடையும் நடக்கிறது, வேதாந்தமும் நடக்கிறது, ஒன்றின் காலில் ஒன்று இடறுவதே இல்லை. நாம் போடுவது ஒரே ஒரு சொல்லை இடறி விழ வைப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும், சொல்லை உடைக்காமலே இரு பொருள் தரும் செம்மொழி, உடைத்துப் பொருள் தரும் பிரிமொழி என்ற இரண்டு சிலேடைகளில் உங்கள் ஆத்தங்குடி பிரிமொழியில் சேரும். நடுவில் ஒரு 'ங்' மாட்டிக்கொள்கிறது, தண்டியாசிரியர் மார்க்கைக் குறைத்திருப்பார்.

நான் காரைக்குடியில் கல்லூரி படித்தபோது இதற்குப் பெயர் அறுவை. கொஞ்ச நாளில் பிளேடு ஆனது, அப்புறம் கடி, இப்போது மொக்கை. அறுவையும் பிளேடும் கூர்மை உள்ளவை, மொக்கை என்றால் கூர் போனது. ஆயுதம் மழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த நாளில் கானாடுகாத்தான் போகிற டவுன் பஸ்ஸில் என் கூட்டாளி ஒருவன் வருவான். கோட்டையூர் வருவதற்குள்ளேயே பஸ் ஒரு குழியில் தொம்மென்று இறங்கும், எல்லோர் தலையும் மேலே போய் வரும், உடனே இவன் எழுந்து நின்று 'பள்ளத்தூர் எறங்குறவங்கள்லாம் எறங்குங்க' என்பான். வெளியூர்க் கிழவி ஒருத்தி ஒருநாள் நிஜமாகவே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். கண்டக்டர் அவனை அடிக்காத குறை. இதைக் குழுவில் எழுதிப் போட்டால் ஒன்றுமே இல்லை பாருங்கள். குழி வேண்டும், தலை இடிபட வேண்டும், அந்த நொடி வேண்டும்.

எங்கள் அப்பத்தா இதில் கைதேர்ந்தவர். ரெண்டாங்கட்டில் அடுப்பு மூட்டி வெள்ளைப்பணியாரம் ஊற்றுவார். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே நிற்கிற மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் கணக்கு. ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் வெண்ணெய் மாதிரி ஆட்டி, குழிக்கரண்டியால் மொண்டு எண்ணெயில் விட்டால் மாவு அடியில் போய், வட்டமாக எழும்பி வரும், ஓரம் மட்டும் லேசாகச் சிவக்கும். நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள் வாசனை பிடித்துக்கொண்டு வளவிலிருந்து ஓடி வருவோம். அப்பத்தா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்: 'பணி யாரு பாத்தாகளோ அவுகளுக்குத்தேன் பணியாரம்.' ஒருவன் தண்ணீர் இறைக்க ஓடுவான், ஒருத்தி துவையல் அம்மியைக் கழுவப் போவாள். ஆயிரம் தடவையாவது கேட்டிருப்போம், ஒரு தடவையும் சிரித்ததில்லை, 'ஐயோ அப்பத்தா' என்று முனகுவோம். அந்த முனகல் கேட்ட பிறகுதான் தட்டு முன்னால் வரும். கடிக்குச் சிரிப்பு கூலி இல்லை தம்பி, முனகல்தான் கூலி. உங்கள் நண்பர்கள் 'ஐயோ' என்று போடுகிற வரைக்கும் கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

அதே வீட்டில் முகப்புத் திண்ணையில் வேறு கதை நடக்கும். ஐயாவும் அவர் சேக்காளிகள் மூன்று பேரும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேருமே பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர்கள், 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது காடு மலை ஏறி நடந்தே திரும்பியவர்கள். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பிறகு அத்தனையும் போனது. திண்ணையில் யாராவது பழைய கணக்கு எதையாவது எடுத்தால் ஐயா உடனே 'பர்மா போச்சு, இனி பரமா-தான்' என்று மேலே கையைக் காட்டுவார். மற்ற மூவரும் 'க்கும்' என்பார்கள். இத்தனைக்கும் தினம் கேட்பதுதான்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். விருந்தாள் ஒருவர் வந்திருந்தார், அவர் வீட்டிலும் பர்மாவில் விட்டவர்கள். பேச்சு அங்கே போனதும் நான் முந்திக்கொண்டு ஐயா மாதிரியே கையைத் தூக்கி 'பர்மா போச்சு, இனி பரமா-தான்' என்றேன். ஒருத்தரும் க்கும் என்றுகூடச் சொல்லவில்லை. ஐயா திட்டவில்லை, 'உள்ளே போய்த் தண்ணி கொண்டா' என்றார். அவ்வளவுதான். தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு நான் திண்ணைக்கே வரவில்லை. மலையேறி வந்தவன் சொன்னால் அது அவர்களுக்குள் ஒரு பாஷை, நான் சொன்னால் வெறும் வாய்க்கொழுப்பு. சொல் என்னவோ அதேதான்.

உங்கள் நண்பன் விஷயமும் இதுதான் என்று தோன்றுகிறது. ஜோக் மட்டமா உசத்தியா என்பது அவனுக்குப் பிரச்சினையே இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள். போனில் முகமும் தெரியாது, முனகலும் கேட்காது. அதிலும் எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிடுவது பார்சல் பணியாரம், ஆறிப்போய் எண்ணெய் கசிந்து காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தினம் மூன்று என்ற கணக்கையும். நீங்களே யோசித்தது, அதுவும் தானாக வாயில் வந்து விழுந்தது இருந்தால் போடுங்கள், மாதத்துக்கு ஒன்றானாலும் பரவாயில்லை. பேர் சொல்லி ஒருவனைக் குறிவைத்துக் கடியுங்கள், பொதுவாகக் கடித்தால் கொசுதான்.

காரைக்குடியைக் 'காரைக் குடி' என்று உடைக்காத பள்ளிக்கூடப் பையன் எங்கள் பக்கம் கிடையாது, செடியிலும் காரை உண்டு, சுவரில் பெயர்ந்து விழுவதும் காரைதான், ஆனாலும் எல்லோரும் போய் விழுவது மோட்டார் காரில்தான். உங்கள் ஆத்தங்குடி அதற்குத் தம்பி முறை. ஆனால் இதுவரை நான் கேட்டதில்லை, அதனால் நேற்று ராத்திரி அந்தப் பள்ளத்தூர்க் கூட்டாளிக்கு, என் சரக்கு மாதிரியே, அனுப்பிவைத்தேன். அவனுக்கும் என் வயசுதான், பேரன் எடுத்துவிட்டான். காலை ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது:

'அந்த ஆத்துத் தண்ணியத் தெளிச்சுத்தான் உன்னைய எப்பவோ விட்டாச்சே.'