மசக்கையும் மூக்கும்

அன்புள்ள ஐயா,

என் மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. சோறு கொதிக்கிற வாடை வந்தாலே வாசலுக்கு ஓடுகிறாள். எனக்கும் அந்தக் காலத்தில் அப்படித்தான். "எல்லாம் நடிப்பு" என்றார் என் மாமியார். இப்போது எனக்கு 54 வயது. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்த பிறகுதான் தெரிகிறது. எல்லாம் ஹார்மோன் என்கிறார்கள். ஹார்மோனுக்கும் மூக்குக்கும் அப்படி என்ன உறவு?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

நடிப்பு இல்லை. ஆனால் மசக்கையில் மூக்கு கூர்மையாகிவிடும் என்று நாம் நம்புவதும் பாதிதான் சரி. கர்ப்பிணிகளைக் கேட்டால் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். வாசனையை நீர்க்க வைத்து, எந்த அளவு வரை பிடிபடுகிறது என்று சோதித்தால் அந்தக் கூர்மை ஒழுங்காகத் தட்டுப்படுவதில்லை. மாறுவது பிடித்தம். நேற்றுவரை சும்மா இருந்த வாசனை இன்று குமட்டுகிறது. கஞ்சி வாடை உங்கள் மகளுக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டியதில்லை. ஆகாமல் போனாலே போதும்.

அதற்காக ஹார்மோனை ஒதுக்கிவிட முடியாது. சிறுவயதில் பார்வையிழந்த பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் லெ மாங்யென், 1950களில் எக்ஸால்டோலைட் என்ற கஸ்தூரி வாசனைப் பொருளை வைத்து ஆராய்ந்தார். வயது வந்த பெண்கள் அதை எளிதில் கண்டுகொண்டார்கள்; ஆண்களும் குழந்தைகளும் திணறினார்கள். அந்தப் பெண்களிடமும் மாதத்தின் நாட்களைப் பொறுத்து அது ஏறி இறங்கியது. கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி உச்சம். (பார்வையிழந்ததால் மோப்பத்துக்கு வந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் பேர் வாங்கியது பசியைப் பற்றிய ஆய்வில்.)

அப்புறம் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் 2002இல் வெளியிட்ட சோதனை. வாதுமை வாசம் கொண்ட பென்சால்டிஹைடை ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்ப முகரக் கொடுத்தார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் மோப்பம் சராசரியாக ஒரு லட்சம் மடங்கு கூடியது. ஆண்களுக்கு எத்தனை முறை கொடுத்தும் அப்படி ஆகவில்லை.

வாசனை எப்படித் தெரிகிறது என்பதில் மூக்கின் சளிக்கும் பங்கு உண்டு. காற்றில் வரும் வாசனை நேராக நரம்பைத் தொடுவதில்லை. சளியில் கரைந்துதான் போக வேண்டும். அந்தச் சளியில் நொதிகள் இருக்கின்றன. ஆல்டிஹைடு, எஸ்டர் வகை வாசனைகளை அவை அங்கேயே அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் மாற்றிவிடுவதை 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் சளியில் கண்டார்கள். நொதியை முடக்கியபோது மூளையில் பதிந்த வாசனைக் கோலமே மாறிப்போனது. அடுப்பில் ஒரு சமையல், மூக்குக்குள் இன்னொரு சமையல்.

சரி, உறவு என்ன என்று கேட்டீர்களே, அது கருவிலேயே தொடங்குகிறது. நம்மைப் பருவமடைய வைக்கும் ஹார்மோன் வரிசையைத் தொடங்கி வைக்கும் நரம்பணுக்கள் மூளையில் பிறப்பவை அல்ல. கருவின் மூக்குப் பகுதியில் தோன்றி, மோப்ப நரம்புகளைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேர்கின்றன. சிலருக்கு அந்தப் பாதை சரியாக அமைவதில்லை. அவர்களுக்கு வாசனையும் தெரியாது, வயது வந்தும் பருவமாற்றம் வராது. 1944இல் இதை விவரித்த கால்மன் பெயரில் கால்மன் நோய்த்தொகுப்பு என்கிறார்கள். மீசை அரும்பாத பதினேழு வயதுப் பையனிடம் "உனக்கு வாசனை தெரிகிறதா?" என்று மருத்துவர் கேட்பது இதனால்தான்.

உங்கள் பால் விஷயத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நின்றதன் பங்கு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் வயது, பழைய சளிக்காய்ச்சல், கோவிட், மூக்குக்குள் வளரும் சதை என்று வேறு காரணங்கள் நிறைய. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சமையல் எரிவாயுவுக்குத் தானாக வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அது உங்களுக்கு எட்டாமல் போவது, பால் தீய்வதைவிடப் பெரிய விஷயம்.

மகளுக்குச் சோற்றை நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். ஆவி அடங்கினால் மூக்குக்கு வருவதும் குறையும்.