தண்ணீர், கழிப்பறை வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசுகள் சேர்ந்து வேலை செய்தால் உண்மையில் பலன் கிடைக்குமா?

கிடைக்கும். என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். 'அரசுகள்' என்றதும் உங்களுக்கு ஐநா சபை, டெல்லி, சென்னை எல்லாம் ஞாபகம் வரும். தேர்வுக்கு அது வேண்டியதுதான். 2010 ஜூலை 28 அன்று ஐநா பொதுச்சபை தண்ணீரும் கழிப்பிட வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. 122 நாடுகள் ஆதரவு, எதிர்த்து ஓட்டுப் போட்டவர் யாரும் இல்லை, 41 நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டன. இந்தியா ஆதரித்தது. இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

நான் கோவை, திருப்பூர் மாவட்ட எல்லைப் பக்கம் ஒரு ஊராட்சியில் 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். காலனியில் பிறந்து காலனியிலேயே வாக்கப்பட்டவள். அங்கிருந்து பார்த்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

பெரிய அரசுகள் சேர்ந்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரும். கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிற சிறுவாணித் தண்ணீருக்கு அணை இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில். 1973இல் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டதால்தான் அந்தத் தண்ணீர் மலையைத் தாண்டி வருகிறது. எங்களுக்கு வருவது பவானி ஆற்றுத் தண்ணீர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி போட்டு வீட்டுக்கு வீடு குழாய் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. எங்கள் காலனியில் 64 வீட்டுக்கும் குழாய் வந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்புகிற பைப்பு முதலில் ஊர் வீதிகளுக்குள் போய், கடைசியில் மெலிந்து காலனிக்கு வருகிறது. காலனி இருப்பது மேட்டில். மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடும்போது ஊருக்குள் சிலர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். எங்களுக்கு 25 நிமிடம் வரும், அதுவும் நூல் மாதிரி. பெண்கள் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடித்தோம். தண்ணீர் விடுகிறவரைக் கேட்டால், "நான் என்னங்க்கா பண்றது, பைப்பு அப்படித்தான் போட்டிருக்குது" என்பார். அவர் சொன்னதும் நிஜம்தான்.

சரி, வாயால் சொன்னால் எடுபடாது என்று மகனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம், தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று எழுதினேன். 15 லிட்டர் குடம். ஊர் முதல் வீதியில் ஒரு நிமிடம். எங்கள் கடைசி வரிசையில் ஐந்து நிமிடம். 25 நிமிடத்தில் ஐந்து குடம், அதாவது 75 லிட்டர். நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு அது மூன்று நாளைக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் சொச்சம். கணக்கில் இருப்பது 55. மற்றதுக்கெல்லாம் சின்டெக்ஸ் தொட்டியில் வரும் உப்புத் தண்ணிதான், அதுவும் கோடையில் போர் வற்றிவிடும்.

கழிப்பறை கதையும் இதிலேயே இருக்கிறது. தூய்மை இந்தியா திட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கொடுக்கும் 12,000 ரூபாயில் காலனியில் 51 கழிப்பறை கட்டியாகிவிட்டது. படம் எடுத்து ஏற்றியாகிவிட்டது. குடிக்கவே ஆறு லிட்டர் வருகிற இடத்தில் அதற்கு ஊற்றத் தண்ணீர் ஏது? பாதிக்கு மேல் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் விடியுமுன் காட்டுப்பக்கம்தான் போனோம். தோட்டத்துக்காரர் கம்பி வேலி போட்ட பிறகு இட்டேரி ஓரத்தில், அதாவது இரண்டு வேலிக்கு நடுவில் போகிற வண்டிப்பாதை ஓரத்தில். வயசுக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்டதை இங்கே விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கழிப்பறை கொடுத்தது ஒரு திட்டம், தண்ணீர் கொடுத்தது இன்னொரு திட்டம். இரண்டையும் ஒரே வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

இதைப் படித்துவிட்டு சாதி பேசுகிறாள் என்று கீழே எழுதுவார்கள், தெரியும். பைப்பு போன வரிசையைச் சொல்கிறேன், அவ்வளவுதான். 2022 அக்டோபர் 2 கிராம சபையில் நான் நோட்டை எடுத்துப் படித்தபோது முதலில் எழுந்து பேசியவர் ஊரைச் சேர்ந்த ஒரு தோட்டத்து அம்மா. "அம்மிணி சொல்றது நெசம்தானுங்க. குழிக்குள்ள குனிஞ்சு தண்ணி புடிக்கறத நானே பாத்திருக்கறேன்" என்றார். காலனிக்குச் சரியாகத் தண்ணீர் வர வழி செய்ய வேண்டும் என்ற தீர்மானம் அவர் பேசியதால்தான் நிறைவேறியது. 'மெம்பராக இருந்துகொண்டு நீயே செய்திருக்கலாமே' என்றும் கேட்பார்கள். காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத்தலைவரும். வார்டு உறுப்பினர் கேட்கத்தான் முடியும்.

தீர்வு எங்கள் காலனியிலிருந்து இருநூறு அடியில் இருந்தது. பக்கத்துப் பேரூராட்சிக்குப் போகிற பெரிய பைப்பு எங்கள் மேட்டு வழியாகத்தான் போகிறது. அதே ஆறு, அதே திட்டம். அதில் ஒரு கிளை எடுத்து, மீட்டர் வைத்து, காலனிக்கென்று தரைமட்டத் தொட்டி கட்டி, எடுக்கும் தண்ணீரை எங்கள் ஊராட்சிப் பங்கில் கழித்துக்கொண்டால் யாருக்கும் ஒரு சொட்டுக் குறையாது. பணமும் இருந்தது. மத்திய அரசு ஊராட்சிகளுக்குக் கொடுத்த பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டியிருந்தது, பாதிக்குப் பாதி.

ஆனால் ஊராட்சி ஒரு துறை, பேரூராட்சி வேறு துறை, பைப்பைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது அலுவலகம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், பேரூராட்சி சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். பேரூராட்சியில், பைப்பு எங்களுடையது இல்லை, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், இரண்டு பேரும் தீர்மானம் போட்டு வாருங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. 2023 மார்ச்சில் நியூயார்க்கில் ஐநா தண்ணீர் மாநாடு நடந்தது, 1977க்குப் பிறகு அப்போதுதான். மகன் போனில் காட்டினான். அந்த மாதம் எங்கள் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த அலைச்சலில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், நல்ல திட்டம், நான் நன்றியோடு ஏறுகிறேன். ஆனால் எங்கள் பஸ் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் திரும்பிவிடும். அங்கிருந்து காலனி ஒன்றரைக் கிலோமீட்டர். கைப்பிள்ளையோடும் கர்ப்பமாகவும் பெண்கள் அந்த வெயிலில் நடக்கிறார்கள். தார் ரோடு காலனி வரை இருக்கிறது, பஸ் திரும்ப இடமும் இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் கோயிலில்தான் திரும்புகிறது. எனக்கு அந்த ஆற்றாமை தீரவில்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் புதிதாக வந்த ஒரு அதிகாரி மூன்று அலுவலகத்து ஆட்களையும் ஒரே நாள் காலையில் எங்கள் மேட்டுக்கே வரச் சொன்னார். பெயர் சொன்னால் அவருக்குத் தொந்தரவாகும், விட்டுவிடுகிறேன். மூன்று பேரும் பைப்பு ஓரத்தில் நின்றார்கள். நான் நோட்டைக் காட்டினேன். எங்கள் பெரியம்மா குழியில் குடம் வைத்துக் காட்டினார். அரை மணி நேரத்தில் முடிந்தது. பதினைந்து மாதமாக நடக்காதது! கோப்பில் எழுதியிருந்ததும் அன்றைக்குப் பேசியதும் ஒன்றேதான். மூன்று பேரும் ஒன்றாக அந்தக் குழியைப் பார்த்தது மட்டும்தான் புதிது.

ஆகஸ்டில் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அதே மாதம் 17ஆம் தேதிதான் அறுபது வருடத்துக்கு மேல் எங்கள் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டமும் தொடங்கியது. 1,045 ஏரி குளங்களுக்குப் பவானி உபரி நீர். எங்கள் பக்கத்துக் குட்டையும் அதில் ஒன்று. போரில் உப்பு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கடைசி வரிசையிலும் குடம் ஒரு நிமிடத்தில் நிறைகிறது. வாசல் குழிகளை மூடிவிட்டோம். 51 கழிப்பறையிலும் விறகு இல்லை. பாக்கி 13 வீட்டுக்குப் பட்டா இல்லாததால் கழிப்பறை கிடைக்கவில்லை. அது வருவாய்த் துறை, நான்காவது அலுவலகம். போன மாதம் 13 பேரும் சேர்ந்து போய் மனு கொடுத்தோம். ரசீது வாங்கி அதே நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.