பல நாள் மலைநடைக்குக் கிளம்பும் முன்: கேள்வி பதில்

கேள்வி: பத்து நாள் நடை, ஐந்தாம் நாள் ஓர் ஊரில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். பை 19 கிலோ வருகிறது, என் எடை 64. அதிகமா சார்?

பதில்: அதிகம்தான். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு 13 கிலோவுக்குள் வர வேண்டும். சாப்பாடு, தண்ணீர், அடுப்புக்கான எரிவாயு மூன்றையும் வெளியே வைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். 7 கிலோவுக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. ஐந்து நாள் உலர் உணவு 3.5 கிலோ, தண்ணீர் 2 லிட்டர் சேர்ந்தால் 12.5. மிச்சம் எரிவாயுவுக்கு. கூடினால் பை, டெண்ட், ஸ்லீப்பிங் பேக், மேட் என்ற நான்கில்தான் கை வைக்க வேண்டும். பல் பிரஷின் காம்பை வெட்டுகிறவர்கள்கூட, காலியாகவே இரண்டரைக் கிலோ இருக்கும் பையை மாற்ற மாட்டேன் என்பார்கள்! அடுத்து, ‘எதற்கும் இருக்கட்டும்’ துணிகள். நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், குளிருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று போதும். சாக்ஸ் மட்டும் மூன்று ஜோடி.

கேள்வி: ஒரு மணி நேரத்திலேயே தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. பை சரியில்லையா?

பதில்: மாட்டுகிற வரிசையை முதலில் பாருங்கள். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, 8 கிலோ போட்டு மாட்டுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, பெல்ட்டின் நடுப்பகுதி அதன்மேல் உட்காரும்படி இறுக்குங்கள். வயிற்றைச் சுற்றி அல்ல. பிறகு தோள் வார், அதன்பின் தோளிலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார், கடைசியாக மார்பு வார். இப்போது தோள் வாரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பை சரியாமல் நின்றால் எடை இடுப்பில் இருக்கிறது. சரிந்தால் பை அளவு தவறாக இருக்கலாம். தலை குனிந்தால் கழுத்தடியில் புடைக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் உயரம் வரை முதுகை அளந்துதான் பை வாங்க வேண்டும், ஆள் உயரத்தைப் பார்த்து அல்ல.

கேள்வி: கொப்புளம் வந்தால் என்ன செய்வது?

பதில்: வருவதற்கு முன்பே ஓரிடம் சுடத் தொடங்கும். அந்த நிமிடமே நில்லுங்கள். ‘அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம்’ என்பதில்தான் கொப்புளம் உருவாகிறது. காலைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலை சாக்ஸில் மாட்டிச் சுருளும். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், நாள் போகப்போகக் கால் வீங்கும்.

கேள்வி: 18 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். ஒரே நாளில் முடியுமா?

பதில்: 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி ஐந்து மணி நேரம் சொச்சம். ஆனால் சுமையோடு மணிக்கு 4 கிலோமீட்டர்தான் போகும். ஆறு மணி நேரம் நடை, ஓய்வு சேர்த்து ஏழரை என்று வையுங்கள். முடியும், ஆனால் முதல் நாளில் வேண்டாம். முதல் நான்கு நாளும் 12 முதல் 15 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள். தசை சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் பழகும், பாதியில் திரும்ப வைப்பதும் அவைதான்.

கேள்வி: ஜிம்முக்குப் போனால் போதுமா அண்ணா?

பதில்: இறங்கிப் பழகுங்கள். மூச்சு வாங்குவது ஏற்றத்தில், தொடையும் முட்டியும் அடிபடுவது இறக்கத்தில். ஆறேழு வாரம் முன்பே பையோடு படிக்கட்டு ஏறி இறங்குங்கள். சுமைக்குத் தண்ணீர் பாட்டில் வையுங்கள். முட்டி வலித்தால் மேலேயே கொட்டிவிட்டு இறங்கலாம்.

கேள்வி: ஃபில்டர் இருக்கிறது, தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் வேண்டுமா?

பதில்: 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள ஃபில்டர் பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. மனிதக் கழிவு கலக்கக்கூடிய நீரென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் இழைகள் வெடித்துவிடும், வெளியே தெரியாது. குளிர் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

கேள்வி: வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

பதில்: ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: போகும் வழி, ஒவ்வோர் இரவும் தங்குமிடம், டெண்டின் நிறம், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பது. வழியை மாற்றினால் சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.